தம் பெயரை இழந்த கம்மியர்

பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகையாகப் பகுத்துக் காட்டுவர் நம் இலக்கண ஆசிரியர்கள். ஒருவருக்குப் பிறப்பினாலே வந்தமைந்த குடிப்பெயர் அவரளவில் வெறும் இடுகுறியே. ஆயின் அவர் ஒரு தொழிலைச் செம்மையாகச் செய்து, அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே இன்ன பொருள், இன்ன பண்பு என்று உலகினர் உணரும்படி செய்துவிட்டால், இடுகுறியாய்ப் பிறந்த பெயர் காரணப் பெயராய் வளர்ந்துவிடுகிறது. அங்ஙனம் தம் குடிப்பெயருக்குத் தம் கையுழைப்பாற் பொருள் தேடிக் கொடுத்தவர் ஒருவர். பொருள் நிறைந்த பின்னர், தாம் செய்த பொருளின்மேல் அப்பெயரை எழுதும் உரிமையை இழந்து நின்றவரும் அவரே. அவர்தாம் வால்டர் ஓவன் பென்ற்லி என்னும் ஆங்கிலேயக் கம்மியர்.

பென்ற்லி என்பது விலையும் விரைவும் மிக்க ஒரு கார் என்பதைச் சிறுவரும் அறிவர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே. காரைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். எனினும் ஒரு பொருளுக்கு உடையவர் யார், அதனை ஆக்கியவரா, விலை கொடுத்து வாங்கியவரா, பேணிக் காப்பவரா என்னும் வினா காருக்கும் உண்டு, நூலுக்கும் உண்டு. அவ்வினாவுக்கு இம்மனிதரின் வாழ்க்கை தரும் விடை நம் மாணாக்கர்க்கும் பயன்படும் எனக் கருதியே இதனை எழுதுகிறேன்.

இரும்பும் நிலக்கரியும்

பென்ற்லி 1888 ஆம் ஆண்டு செப்தெம்பர் 16 ஆந் திகதி இலண்டன் மாநகரின் ஹம்ஸ்ரெட் பகுதியிற் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒன்பதாவது பிள்ளை, எல்லாருக்கும் இளையவர். வசதியுள்ள குடும்பம். கிளிப்ரன் கல்லூரியிற் பயின்ற காலத்தில் ஏட்டுக் கல்வியினும் புகையிரத இயந்திரங்களே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பதினாறாவது வயதிலே, 1905 ஆம் ஆண்டில், டொன்காஸ்ரர் என்னும் ஊரிலிருந்த பெரிய வடபகுதிப் புகையிரதக் கம்பனியின் பட்டறையிலே தொழில் பயிலும் மாணாக்கராய்ச் சேர்ந்தார்.

ஐந்தாண்டு அங்கே கழிந்தது. இரும்பை உருக்கி வார்ப்பது முதல் இயந்திரத்தின் உறுப்புக்களைப் பொருத்துவது வரை கைப்பழக்கத்தாற் கற்றார். ஈற்றில், ஓடும் புகையிரதத்தின் இயந்திரத் தட்டில் நின்று உலைவாயில் நிலக்கரி வாரிப் போடும் வேலையுஞ் செய்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை கரி படிந்த முகத்துடன் நின்ற அந்நாட்களைப் பிற்காலத்தில் அவர் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார். பின்னாளில் அவர் செய்த கார்களைக் கண்டோர், அவற்றிலே புகையிரத இயந்திரத்தின் கனமும் உறுதியும் உண்டென்று கூறியது வெறும் உவமையன்று. கற்ற இடத்தின் சாயல் கல்வியில் விழாமற் போவதில்லை.

அக்காலத்திலேயே மோட்டார்ச் சைக்கிள் அவரை ஆட்கொண்டது. 1909, 1910 ஆம் ஆண்டுகளில் மான் தீவில் நிகழ்ந்த புகழ்பெற்ற பந்தயங்களிற் கலந்துகொண்டார். இரண்டினும் ஓட்டத்தை முடிக்கும் பேறு வாய்க்கவில்லை. பின்னர் இலண்டனில் 250 வாடகைக் கார்களை வைத்திருந்த ஒரு கம்பனியிலே அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பேற்றார். இரவு பகலாய் ஓடித் தேய்ந்த கார்களைப் பிரித்துப் பார்ப்பதே அங்கு வேலை. எந்த உறுப்பு முதலிலே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்பதைக் கற்பிக்க அதனினும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

மேசைமேல் இருந்த பிஸ்டன்

1912 ஆம் ஆண்டில் அவரும் தமையனார் ஹொறேஸ் மில்னர் பென்ற்லியும் சேர்ந்து, டி. எவ். பி. என்னும் பிரெஞ்சுக் காரை இங்கிலாந்தில் விற்கும் உரிமையை வாங்கினர். அது நல்ல கார். ஆயினும் இங்கிலாந்தில் அதனை அறிந்தவர் இலர். விளம்பரத்துக்குப் பணமில்லை. பந்தயத்தில் வென்று காட்டினாற் கார் தானே விலைபோகும் என்று கணித்த இளையவர், அதனைத் தம் கையால் திருத்தி ஆஸ்ரன் கிளின்ரன் மலையேற்றப் போட்டியில் ஓட்டித் தம் வகுப்பிலே புதிய சாதனை படைத்தார்.

இங்கே கார் திருத்துதல் என்னும் கலை பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். விலைக்கு வாங்கிய காரை இன்னும் விரைவாய் ஓடச் செய்ய விழைவோர் பெரும்பாலும் எதனைச் சேர்க்கலாம் என்றே எண்ணுவர். பென்ற்லி எதனைக் குறைக்கலாம் என்று எண்ணினார். எஞ்சினின் உருளைக்குள்ளே உலக்கை போல மேலுங் கீழும் ஓடும் உறுப்பைப் பிஸ்டன் என்பர். அது ஒரு நிமிடத்திற் பல்லாயிரந் தடவை நின்று திரும்பவேண்டும். அக்காலத்தில் அதனை வார்ப்பிரும்பினாற் செய்தனர். கனத்த பொருளை ஓடவிடுதலும் நிறுத்துதலுமாகிய அப்பெரு முயற்சியிலே எஞ்சினின் வலுவிற் பெரும் பகுதி வீணாயிற்று; விரைவு கூடக் கூட உறுப்புக்கள் முறிந்தன.

1913 ஆம் ஆண்டில் அவர் பிரான்சிலுள்ள டி. எவ். பி. தொழிற்சாலைக்குச் சென்றிருந்தபோது, அலுவலக மேசையொன்றின்மேற் காகிதங்கள் பறக்காதவாறு பாரமாக வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு பொருளைக் கண்டார். அது அலுமினியத்தாற் பிஸ்டன் வடிவில் வார்க்கப்பட்ட ஓர் அழகுப் பொருள். மற்றையோர்க்கு அது காகிதப் பாரம். அவருக்கு அது விடை. அலுமினியம் எஞ்சினின் வெப்பத்தைத் தாங்காது என்பதே அன்று பலர் கொண்ட கருத்து. அவரோ அலுமினியம் நூற்றுக்கு 88, செம்பு நூற்றுக்கு 12 என்ற அளவிற் கலந்து பிஸ்டன் வார்ப்பித்தார். இலேசான பிஸ்டன் விரைந்து ஓடியது. வெப்பத்தையும் எளிதிற் கடத்தியது. எஞ்சினின் வலு உயர்ந்தது. அக்கார் புறூக்லண்ட்ஸ் ஓட்டக் களத்திற் சாதனைகளை நிலைநாட்டியது. 1914 ஆம் ஆண்டின் மான் தீவுக் கார்ப் பந்தயத்திலே, தன்னிலும் பெரிய எஞ்சின் பூண்ட கார்களோடு ஓடி ஆறாவதாக வந்தது. சகோதரர் இருவரும் அந்தக் கலவையின் இரகசியத்தை எவருக்குஞ் சொன்னாரல்லர்.

அவ்வாண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. வாணிகத்தின் உயிராகிய இரகசியத்தை இனி ஒளித்து வைத்தல் தகாது என்று கருதிய பென்ற்லி, அதனைக் கடற்படையின் விமானப் பிரிவிடம் ஒப்படைத்தார். விமான எஞ்சின் செய்வோரிடமெல்லாம் அவரையே அனுப்பி அதனை விளக்கச் செய்தனர். அவர் சென்ற முதலிடங்களுள் ஒன்று டேர்பி நகரிலுள்ள றோல்ஸ் றொய்ஸ் தொழிற்சாலை. அவர்கள் செய்த ஈகிள் என்னும் விமான எஞ்சின் அலுமினியப் பிஸ்டன் பெற்றது. இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இப்பெயர் இக்கதையில் மீண்டும் வரும். பின்னர் பென்ற்லி தாமே சுழல் எஞ்சின் இரண்டை வகுத்தார். அவற்றுள் முதலாவது, சொப்வித் கமல் என்னும் போர் விமானத்திற் பொருத்தப்பட்டுப் பெரும்பயன் விளைத்தது.

போர் முடிந்த காலத்தே அவர் மனையார் லெயோனி அம்மையார் 1919 ஆம் ஆண்டில் விஷக்காய்ச்சலுக்கு இரையானார். அந்தத் துயரின் நடுவேதான் அவர் தம் சொந்தக் காரைச் செய்யத் தொடங்கினார் என்பது நினைக்கத் தக்கது.

மூன்று லீற்றர்க் கார்

1919 ஆம் ஆண்டிலே பென்ற்லி மோட்டேர்ஸ் கம்பனி தோன்றியது. இலண்டன் பேக்கர் வீதியை அடுத்த ஒரு சந்திலே, பழைய குதிரைலாயக் கட்டடமொன்றின் மேன்மாடியில், அவ்வாண்டு ஒற்றோபரில் முதல் எஞ்சின் உயிர் பெற்றது. நான்கு உருளை, உருளை ஒன்றுக்கு நான்கு வால்வு, ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பொறித் தக்கை, மொத்தக் கொள்ளளவு மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பந்தயக் கார்களில் மட்டும் அன்று காணப்பட்ட அமைப்பை, நாள்தோறும் ஓட்டும் காருக்குக் கொண்டுவந்தமையே அதன் சிறப்பு. கையிற் பணமின்மையால் முதற் கார் வாங்குவோர் கையைச் சேர 1921 ஆம் ஆண்டு செப்தெம்பர் ஆயிற்று. கிறிக்கிள்வுட் என்னும் பகுதியிலே தொழிற்சாலை எழுந்தது.

அக்காலத்தில் இத்தகைய காரை வாங்குதல் இன்று போல ஒரு கடைக்குட் சென்று சாவியைப் பெற்று வருதலன்று. கம்பனி தருவது அடிச்சட்டமும் எஞ்சினும் சில்லுகளுமே. மேற்கூட்டை வாங்குபவர் தாம் விரும்பிய கூடு கட்டுவோரிடம் கொடுத்துக் கட்டுவித்துக் கொள்வர். இலேசான திறந்த கூடோ, கண்ணாடியுங் கதவும் கொண்ட கனத்த கூடோ எல்லாம் அவரவர் விருப்பம். காரின் முகத்திற் பதித்த முத்திரையின் நிறமும் வகையைச் சொல்லும். நீல முத்திரை பொது வகை. சிவப்பு முத்திரை விரைவு வகை. அருமையாய்ச் சிலவே செய்யப்பட்ட பச்சை முத்திரை, மணிக்கு 100 மைல் ஓடும் என்று உறுதி கூறப்பட்ட வகை. அடிச்சட்டத்துக்கு ஐந்தாண்டு உத்தரவாதமும் உண்டு.

தெரிவு செய்யும் உரிமை வாங்குவோரிடம் இருந்தமையால் ஒரு தொல்லையும் பிறந்தது. சிலர் மூன்று லீற்றர்க் காரின்மேல் வீடு போன்ற கூட்டைக் கட்டுவித்து, பின்னர் அது மெல்ல ஓடுகிறதென்று குறைகூறினர். அவர்களைத் திருத்த இயலாதென்று கண்ட பென்ற்லி எஞ்சினைப் பெருப்பித்தார். ஆறரை லீற்றர்க் கார் அவ்வாறே பிறந்தது. வலு வேண்டின் எஞ்சினைப் பெரிதாக்குக. உள்ள எஞ்சினை வருத்தாதே என்பது அவர் கைக்கொண்ட நெறி.

லெ மான் வெற்றிகள்

பிரான்சிலுள்ள லெ மான் என்னும் ஊரில் 24 மணி நேரம் இடைவிடாது ஓடும் பந்தயம் 1923 ஆம் ஆண்டில் முதன்முதல் நடைபெற்றது. ஜோன் டவ் என்னும் தனியார் ஒருவர் தம் மூன்று லீற்றர்க் காரை அதற்குக் கொண்டுபோக விரும்பியபோது, எந்தக் காரும் இத்தகைய சோதனைக்காகச் செய்யப்பட்டதன்று என்று பென்ற்லி தயங்கினார். ஆயினும் பிரயாணஞ் செய்து நேரிற் சென்று பார்த்தார். கல் தெறித்து விளக்கு உடைந்தது. எரிபொருட் தொட்டி துளைபட்டது. முன் சில்லுகளுக்குத் தடையும் இல்லை. அந்நிலையிலும் கார் நான்காவதாக வந்தது. அந்த இரவிலே பென்ற்லியின் ஐயம் நீங்கியது. கண்ட குறைகள் ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் தேடப்பட்டது. அடுத்த ஆண்டு டவ்வும் பிராங் கிளெமென்றும் முதலிடம் பெற்றனர்.

1925, 1926 ஆம் ஆண்டுகள் தோல்வியாண்டுகள். 1927 ஆம் ஆண்டிலே நிகழ்ந்ததோ ஒரு காவியத்துக்குரியது. இருள் சூழும் வேளை, வெள்ளை வீடு எனப்படும் திருப்பத்திலே ஒரு கார் குறுக்காக நிற்க, கம்பனியின் கார்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அக்குவியலில் மோதின. மூன்றாவது காரை ஓட்டிவந்த சாமி டேவிஸ், வீதியிற் சிதறிக்கிடந்த மண்ணையுஞ் சிராய்களையும் கண்டு வேகத்தைத் தணித்தமையால் அவர் கார் முற்றும் நொறுங்கவில்லை. முன் அச்சு வளைந்திருந்தது. ஒரு விளக்குப் போயிற்று. அதனைப் பின்னோக்கி எடுத்து, கட்டவேண்டியதைக் கட்டி, டேவிஸும் வைத்தியர் பெஞ்சபீல்டும் மாறி மாறி இரவு முழுதும் ஓட்டினர். மறுநாள் முன்னின்ற கார் பழுதுற, ஊனமுற்ற அக்காரே முதலாவதாக வந்தது. இலண்டனில் சவோய் ஹோட்டலிலே நிகழ்ந்த வெற்றி விருந்துக்கு அந்தக் காரையும் உள்ளே கொண்டுவந்து விருந்தினராக நிறுத்தினர்.

1928, 1929, 1930 ஆம் ஆண்டுகளிலும் வெற்றி பென்ற்லிக்கே. 1929 இல் முதல் நான்கு இடங்களும் அப்பெயருக்கே உரியவாயின. அந்த மூன்று வெற்றிகளிலும் ஒரு கை பிடித்தவர் வூல்வ் பானற்றோ. தென்னாபிரிக்காவின் வைரச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தவர்; சறே அணிக்காகக் கிரிக்கெற் ஆடியவர்; மூன்று தடவை லெ மானில் ஓடி மூன்றிலும் வென்றவர். 1930 ஆம் ஆண்டிலே பிரான்சின் தென்கரையிலிருந்து புறப்படும் நீலப் புகையிரதம் கலே துறையை அடையுமுன் தாம் இலண்டனை அடைவதாகப் பந்தயங் கூறி, தம் காரை ஓட்டி வென்றவரும் அவரே.

துருத்தி வழக்கு

பானற்றோவின் செல்வம் கம்பனிக்கு உயிர் தந்தது. அதற்கு விலையும் இருந்தது. கம்பனி எந்நாளும் பணமுடையிலேயே இருந்தது. 1926 ஆம் ஆண்டில் பானற்றோ முதலிட்டுத் தலைவரானபோது, பழைய பங்குகளின் மதிப்பு ஒரு பவுணிலிருந்து ஒரு சிலிங்காகக் குறைக்கப்பட்டது. பென்ற்லி தம் பெயரில் நடந்த கம்பனியிலே சம்பளம் பெறும் உத்தியோகத்தர் ஆனார்.

அந்நிலையிலேதான் ரிம் பேர்க்கின் என்னும் வீரர் ஒரு கருத்தைக் கொண்டுவந்தார். நாலரை லீற்றர் எஞ்சினுக்குள், எஞ்சினாலேயே சுழலும் ஒரு துருத்தியினாற் காற்றையும் எரிபொருளையும் அழுத்திப் புகுத்தினால் வலு பெருகும் என்பது அவர் எண்ணம். அம்ஹேர்ஸ்ற் வில்லியர்ஸ் என்பவர் அதனை வகுத்தார். டொறதி பஜெற் என்னுஞ் செல்வச் சீமாட்டி பொருளுதவினார். வலு பெருகியது உண்மை. 110 குதிரை வலுவுடைய எஞ்சின் 175 ஆகவும், பந்தயக் காரில் 240 ஆகவும் உயர்ந்தது. பென்ற்லி இதனை வெறுத்தார். ஓர் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணக்கின்படி அமைந்தது. மூச்சை மட்டும் இரட்டிப்பாக்கினால் மற்றையவை எங்ஙனம் தாங்கும் என்பதே அவர் வினா. பானற்றோ பேர்க்கினுக்கு இசைந்தமையால் அவர் மறுப்பு அம்பலம் ஏறவில்லை.

தீர்ப்பைப் பந்தயக் களமே சொல்லியது. துருத்தி பூண்ட கார் கண்ணையும் செவியையும் கவர்ந்தது. 1930 ஆம் ஆண்டில் போ நகரிலே நிகழ்ந்த பிரெஞ்சுப் பெரும் பரிசுப் பந்தயத்தில் இலேசான பந்தயக் கார்களுக்கிடையே இரண்டாவதாக வந்தது. 1932 ஆம் ஆண்டில் பேர்க்கின் அவ்வினத்துக் காரொன்றிலே புறூக்லண்ட்ஸ் களத்தை மணிக்கு 137.96 மைல் வேகத்திற் சுற்றினார். ஆயினும் லெ மானில் அது ஒருநாளும் வெல்லவில்லை. 1930 இல் ஜேர்மனிய மெர்சிடிஸ் காரை விரட்டி வருத்திய துருத்திக் கார்கள் தாமும் பழுதுற்று நிற்க, பென்ற்லியின் நெறிப்படி பெரிதாக்கிய ஆறரை லீற்றர்க் கார்களே முதலிரு இடங்களையும் பெற்றன. இன்று கார் திருத்துவோர் பலர் பேர்க்கினின் வழியைப் பின்பற்றுகின்றனர். இக்கால எஞ்சின்கள் அதற்கென்றே வகுக்கப்பட்டவை ஆதலின் அது பொருந்தும். பென்ற்லி வெறுத்தது துருத்தியை அன்று. ஓருறுப்பை மாற்றுவோன் முழுமையை எண்ணாது மாற்றுதலையே அவர் வெறுத்தார் என்பது என் துணிபு.

பெயர் போன கதை

1930 ஆம் ஆண்டில் அவர் தம் கனவுக் காரை வெளியிட்டார். எட்டு லீற்றர் எஞ்சின். கனத்த கூட்டைச் சுமந்தும் மணிக்கு 100 மைல் ஓசையின்றி ஓடும் ஆற்றல். அடிச்சட்டத்துக்கு மட்டும் விலை 1,850 பவுண். ஆனால் உலகப் பொருளாதாரம் முந்திய ஆண்டே சரிந்துவிட்டது. செய்யப்பட்டவை 100 மட்டுமே. 1931 ஆம் ஆண்டு நடுப்பகுதியிலே பானற்றோ மேலும் பணமிட மறுத்தார். கம்பனி கடன்காரர் கையிற் சென்றது.

நேப்பியர் என்னுங் கம்பனி அதனை வாங்க முன்வந்தது. பென்ற்லி அவர்களுக்காகப் புதிய கார் ஒன்றை வகுக்கவுந் தொடங்கிவிட்டார். அவ்வாண்டு நவெம்பரில் வழக்கு மன்றம் அவ்விற்பனையை உறுதிசெய்யவிருந்த வேளையில், எவரும் அறியாத ஒரு நிதி நிறுவனம் கூடிய விலை கூறிக் கம்பனியை வாங்கியது. வாங்கியவர் யாரென்று பென்ற்லிக்கே சில நாள் தெரியாது. அந்நிறுவனத்தின் பின்னே நின்றது றோல்ஸ் றொய்ஸ் கம்பனி. எவரிடம் தம் வாணிக இரகசியத்தைப் போர்க்காலத்தில் நாட்டுக்காகத் திறந்து காட்டினாரோ, அவரிடமே தொழிற்சாலையும் வரைபடங்களும் பெயரும் சென்றன. அவர் ஓட்டிவந்த எட்டு லீற்றர்க் காரும் கம்பனியின் உடைமையாதலின் அதனையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது.

இதனை நன்றிகேடு என்று சொல்ல நான் முற்படவில்லை. வாணிக நீதியின்படி ஏலத்தில் வென்றவர் வாங்கினர்; சட்டம் பிழைபடவில்லை. ஆனாற் சட்டத்துக்கு எட்டாத இழப்பும் உண்டு. ஒப்பந்தத்தாற் கட்டுண்ட பென்ற்லி 1935 ஆம் ஆண்டு வரை றோல்ஸ் றொய்ஸிலே பணியாற்றினார். காரை வகுக்கும் வேலை அவருக்குத் தரப்படவில்லை. பிறர் வகுத்த காரை ஓட்டிப் பார்த்துக் கருத்துரைப்பதே வேலை. தம் பெயர் பூண்டு வெளிவந்த அந்தப் புதிய காரிலே தம் கைபட்ட உறுப்பு ஒன்றேனும் இல்லாதிருந்தும், அதன் நற்குணங்களை அவர் மறையாது ஒப்புக்கொண்டார். புண்பட்ட மனத்தோன் ஒருவன் பிறன் ஆக்கத்தை நடுநிலையோடு மதித்தல் எளிதன்று. அவர் வாழ்க்கையில் லெ மான் வெற்றிகளினும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே.

பின்னர் லகொண்டா கம்பனியிற் சேர்ந்து, 12 உருளை எஞ்சின் கொண்ட காரை வகுத்தார். அது 1939 ஆம் ஆண்டில் லெ மானில் மூன்றாம் நான்காம் இடங்களைப் பெற்றது. இரண்டாம் உலகப் போரின் பின் அவர் மேற்பார்வையிலே பிறந்த ஆறு உருளை எஞ்சினைக் கண்டு அக்கம்பனி பென்ற்லியின் பெயரையும் காரோடு சேர்த்து வழங்க விரும்பியது. றோல்ஸ் றொய்ஸ் வழக்குத் தொடுத்தது, வென்றது. காரை வகுத்தவர் பெயரைக் காரின்மேற் சொல்லுதல் குற்றமாயிற்று. அந்த எஞ்சினோ, டேவிட் பிறவுண் என்பார் லகொண்டாவையும் ஆஸ்ரன் மாட்டினையும் 1947 ஆம் ஆண்டில் வாங்கியதன் பயனாக, டி. பி. 2 என்னும் புகழ்பெற்ற ஆஸ்ரன் மாட்டின் காரிற் குடியேறியது. இவ்வாறு அவர் மூளை ஒரு பெயரிலும், அவர் பெயர் வேறொரு காரிலும் உலா வந்தன.

பேணுவோர்

1936 ஆம் ஆண்டில், பழைய பென்ற்லிக் கார்களை வைத்திருப்போர் கூடிச் சங்கம் ஒன்றை நிறுவினர். அன்று அக்கார்கள் மலிவான பழம்பொருள்கள். அவற்றின் உறுப்புக்களைத் தேடிச் சேர்த்தும், கிடைக்காதவற்றைப் புதிதாய்ச் செய்வித்தும் ஓட வைத்தனர். பின்னாளில் பென்ற்லியை அழைத்துத் தம் புரவலராகப் போற்றினர். எல்லாராலும் மறக்கப்பட்டதாக எண்ணியிருந்த முதியவருக்கு அது மறுவாழ்வு போலாயிற்று.

அவர்களிடையே இன்றும் ஒரு விவாதம் உண்டு. கனத்த மூடிய கூட்டை அகற்றி லெ மான் காரைப் போன்ற திறந்த கூட்டைப் பூட்டுதலும், மூன்று லீற்றர் அடிச்சட்டத்தில் நாலரை லீற்றர் எஞ்சினை ஏற்றுதலும் தகுமா என்பதே அது. ஓலைச்சுவடி படித்தோர்க்கு இது புதிய விவாதமன்று. பழைய பாடத்தை உள்ளவாறே காத்தல் வேண்டும் என்பாரும், நயமான பாடத்தை ஏற்றால் என்ன என்பாரும் நம்மிடையேயும் உளர். நூலிலே இடைச்செருகலை நான் ஏற்பதில்லை. ஆயினும் கார் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. செய்ததை மறையாது குறித்து வைத்து, பழைய உறுப்பை அழியாது காத்து, ஓடச் செய்பவரை நான் குறைகூறேன். மாற்றியதை மறைத்து மூலம் என்று விற்பவரே பிழை செய்தவர்.

பென்ற்லி தம் முதுமையிலே ஓட்டிய கார்களுள் ஒன்று மொறிஸ் மைனர். நம் நாட்டு வீதிகளிலே ஆசிரியர் வீட்டுக் காராக விளங்கிய அதே சிறிய கார். எட்டு லீற்றர்க் காரைப் படைத்தவர் அதன் எளிய அமைப்பின் செம்மையை மெச்சி அதில் அமர்ந்து சென்றார். 1971 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13 ஆந் திகதி, 82 ஆவது வயதில் அவர் காலமானார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. 1998 ஆம் ஆண்டில் அவர் பெயர் மீண்டும் விலைக்கு வந்து ஜேர்மனிய வோக்ஸ்வாகன் கம்பனியிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டில் அப்பெயர் பூண்ட கார் லெ மானில் மீண்டும் வென்றது. அவர் விட்டுக்கொடுத்த எட்டு லீற்றர்க் காரை அந்நிறுவனமே 2006 ஆம் ஆண்டில் தேடி வாங்கி வைத்தது.

ஆயினும் பழைய கார்களைப் பேணுவோர் அவரைப் பென்ற்லி என்று அழைப்பதில்லை. டபிள்யூ. ஓ. என்ற இரண்டு முதலெழுத்துக்களாலேயே சுட்டுவர். குடிப்பெயரை வாங்கியவர் அந்த இரண்டு எழுத்தையும் பட்டியலிற் சேர்க்க மறந்தனர் போலும்! உடைமை என்பது வாங்கியவர் கையிலும், பேணுவோர் கையிலும், அறிந்து ஆக்கியவர் கையிலும் வெவ்வேறு பொருள்படும். முதல் வகை உடைமை ஏலத்திற் கைமாறும். கடைசி வகையை மாற்றித் தர எந்த மன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. தொழில் கற்கும் மாணாக்கர் எதனை ஈட்ட முயலவேண்டும் என்பதை டொன்காஸ்ரர்ப் பட்டறையிற் கரி சுமந்த அந்தப் பதினாறு வயதுச் சிறுவனிடமிருந்து அறிந்துகொள்வாராக.